நான் கொடுத்த நாலு பல் கட்டர்

என் பிரியத்திலும் வயிற்றெரிச்சலிலும் சரிபாதிக்கு உரிமைக்காரனான மாப்ள முனிராஜுக்கு,

வீட்டில் உன்னை வாய் நிறைய 'நீ' என்று கூப்பிட்டு வருஷக்கணக்கு ஆகிறது. என் தங்கச்சி சுமதி கழுத்தில் நீ தாலி கட்டிய அன்றைக்கே அப்பா என்னைத் தனியாகக் கூப்பிட்டு, வாடா போடா எல்லாம் இனி கம்பெனி கேட்டுக்கு உள்ளேயே வைத்துக்கொள், வீட்டுக்கு வந்தால் மாப்பிள்ளைக்கு மரியாதை கொடு என்று சொல்லிவிட்டார். அதிலிருந்து வீட்டில் 'வாங்க மாப்ள, சாப்பிடுங்க மாப்ள'தான். நான் அப்படிச் சொல்லும்போதெல்லாம் நீ டம்ளரை வாய்க்குக் குறுக்கே பிடித்துக்கொண்டு சிரிப்பாய். இந்தக் கடிதத்தில் என்னைத் திருத்த அப்பா பக்கத்தில் இல்லை. அதனால் 'நீ'தான்.

இதை நம்மைத் தெரியாதவர்களும் படிக்கப் போகிறார்கள். ஆகவே உனக்குத் தெரிந்த கதையையே உனக்குத் திருப்பிச் சொல்வேன், பொறுத்துக்கொள். நீ பொறுத்துக்கொள்வாய். உன்னிடம் எனக்குப் பிடிக்காத குணமே அதுதான்.

ஓசூரில் வண்டி பாகங்கள் செய்கிற கம்பெனி ஒன்றில் இரண்டு பேரும் ஒரே வருஷம் சேர்ந்தோம். நான் கிருஷ்ணகிரியில் டிப்ளமா படித்துவிட்டு டூல் ரூமுக்குப் போனவன். இரும்பை வெட்டுகிற கட்டர்களைப் பார்த்துப் பார்த்து எடுத்துக் கொடுப்பதும், மழுங்கியதைச் சாணை பிடிப்பதும் என் வேலை. நீ தளிப் பக்கத்துக் கிராமத்திலிருந்து ஸ்வெட்டரோடு பஸ் ஏறி வந்த ஐ.டி.ஐ. எலக்ட்ரீஷியன். மெஷின் நின்றால் உன்னைக் கூப்பிடுவார்கள். அப்போது எனக்கு உன்மேல் பொறாமை எதுவும் இல்லை. டிப்ளமாக்காரன் ஐ.டி.ஐ.காரனைப் பார்த்து எதற்குப் பொறாமைப்பட வேண்டும் என்று இருந்தேன்.

எங்கள் டூல் ரூமில் ஓர் அறை அளவுக்குப் பெரிய சி.என்.சி. மெஷின் ஒன்று உண்டே, கம்ப்யூட்டர் சொல்கிறபடி தானே நகர்ந்து இரும்பைச் செதுக்குமே, அதன் முன்னால் நான் ஆறு வருஷம் நின்றிருக்கிறேன். புரோகிராம் எழுத வேறு ஆள். கட்டரை மாட்டி, இரும்பை வைத்து இறுக்கி, கதவைச் சாத்தி, பச்சைப் பொத்தானை அமுக்குவது நான். நீ ஒருநாள் அது பழுதாகி நின்றபோது அதன் முதுகுப் பக்கத்தைக் கழற்றி ரொம்ப நேரம் வயர்களைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டுச் சொன்னாய்.

"மச்சி, இதுல ஒண்ணும் பெரிய வித்தை இல்லடா. மூணு மோட்டாரு, மூணு ஸ்க்ரூ. நாமளே வூட்ல செஞ்சிரலாம்."

அன்றைக்கு கேன்டீனில் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தேன். முனிராஜ் வீட்டில் சி.என்.சி. பண்ணப் போகிறான், அடுத்த மாதம் ராக்கெட் விடுவான் என்று. நீயும் கூடச் சேர்ந்து சிரித்தாய். அப்படிச் சிரித்தவனைத்தான் நல்லவன், குடிக்காதவன், கை சும்மா இராதவன் என்று நானே அப்பாவிடம் சொல்லி வீட்டுக்குக் கூட்டிவந்து தங்கச்சியைக் கொடுத்தேன். என் வயிற்றெரிச்சலை நானே பத்திரிகை அடித்து வரவழைத்த மாதிரி ஆயிற்று.

கல்யாணமான மறு வருஷம் நீ நிஜமாகவே ஆரம்பித்தாய். உங்கள் வாடகை வீட்டுக்குப் பின்னால் இருந்த ஆஸ்பெஸ்டாஸ் கொட்டகையில் பிளைவுட்டை அறுத்து ஒரு கட்டில் மாதிரி சட்டம் கட்டினாய். மோட்டார்கள் பெங்களூரு பழைய சாமான் கடைகளில் உடைத்துப் போட்டிருந்த பிரிண்டர்களிலிருந்து வந்தன. மேஜை டிராயர் முன்னும் பின்னும் வழுக்கிப் போகிற சேனல் இருக்கிறதே, அதுதான் உன் மெஷினுக்குத் தண்டவாளம். மரையோடு நீளமாக விற்கிற இரும்புக் கம்பிதான் ஸ்க்ரூ. வெட்டுகிற தலைக்கு, ஆசாரிகள் சன்மைக்கா ஓரம் சீவ வைத்திருக்கிற டிரிம்மர். பெரிய பின்மண்டை உள்ள பழைய கம்ப்யூட்டர் ஒன்று மூலையில். ஞாயிற்றுக்கிழமை காலை பிரவுசிங் சென்டருக்குப் போய் நீ எடுத்து வருகிற தாள்களைச் சுமதி ஊசி நூல் போட்டுத் தைத்து வைப்பாள்.

முதல் தடவை கட்டர் இல்லாமல் ஒரு பேனாவைக் கட்டி ஓட்டினாய், நினைவிருக்கிறதா? உங்கள் கல்யாணப் பத்திரிகையின் முதுகில் அது 'சுமதி' என்று எழுதியது. வளைவெல்லாம் கோழிமுட்டையாக வந்தது. ஸ்க்ரூவில் ஆட்டம் இருந்தால் வட்டம் வட்டமாக வராது என்று எனக்குத் தெரியும். நேர்க்கோட்டு எழுத்து மட்டும்தான் உருப்படியாக வருகிறது, 'பட்டப்பா' என்று யாராவது இருந்தால் அவனுக்குத்தான் நீ போர்டு செய்ய முடியும் என்று கேலி செய்துவிட்டு வந்தேன். அடுத்த வாரம் போனால் இரண்டு நட்டுக்கு நடுவில் ஸ்பிரிங் கொடுத்து ஆட்டத்தை எடுத்துவிட்டாய். வேண்டுமென்றே கன்னட எழுத்தில் உன் ஊர்ப் பெயரை எழுத விட்டிருந்தாய். அத்தனையும் வளைவு, அத்தனையும் சுத்தம். எனக்கு அன்றைக்கு உன் வீட்டில் காபி இறங்கவில்லை.

அதுகூடப் பரவாயில்லை என்று விட்டிருப்பேன், அப்பா மட்டும் அங்கே வராமல் இருந்திருந்தால். கம்பெனியில் குடும்ப நாள் அன்றைக்கு அவரைக் கூட்டிக்கொண்டு போய் அந்தப் பெரிய மெஷினைக் காட்டியிருக்கிறேன். சுற்றி வந்து பார்த்துவிட்டு, "இதுல நீ என்னா பண்ற?" என்று கேட்டார். பொத்தானை அமுக்குவேன் என்றேன். "ம்" என்றார். அவ்வளவுதான். அந்த மனிதர் உன் கொட்டகையில் ஞாயிறு தவறாமல் ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்துகொண்டு, பிளைவுட்டும் டிராயர் சேனலும் நகர்வதைத் தேர் பார்ப்பது போலப் பார்த்தார். பக்கத்து வீட்டாரிடம் எங்க மாப்ள மெஷின் பண்றாரு என்று சொன்னார். எங்க பையன் டூல் ரூம்ல இருக்கான் என்று அவர் யாரிடமாவது சொல்லி நீ கேட்டிருக்கிறாயா?

பிறகு அப்பாவின் புது வீடு. அம்மா உயிரோடு இருந்தபோது சொந்த வீடு கட்ட முடியவில்லை, அதனால் வீட்டுக்கு அவள் பெயர்தான் என்று அவர் முன்பே முடிவு பண்ணியிருந்தார். 'சரோஜா இல்லம்' என்று மரத்தில் பெயர்ப்பலகை வேண்டும் என்றார். உன்னிடம் சொன்னார். என் அம்மாவின் பெயரை என்னைத் தாண்டி உன்னிடம் கொடுத்தார். நான் பக்கத்தில்தான் நின்றுகொண்டிருந்தேன்.

நீ தளியிலிருந்து நல்ல பலாமரப் பலகை ஒன்றை பஸ் மேல் போட்டுக் கொண்டுவந்து, பாதியாக அறுத்து, ஒரு பாதியைத் தயாராக வைத்துக்கொண்டாய். மெஷின் தயார். கட்டர் மட்டும்தான் பாக்கி. எத்தனை பல் இருக்க வேண்டும், நேரானதா முறுக்கியதா, எந்த உலோகம் என்று உன் தாள்களில் ஆளுக்கொன்று சொல்லியிருந்தது. சனிக்கிழமை ஷிஃப்ட் முடிந்து கம்பெனி பஸ்ஸுக்கு நிற்கும்போது நோட்டோடு என்னிடம் வந்தாய்.

"மச்சான், மரத்துக்கு எந்தக் கட்டர் போடலாம்? நீதான் அதுல கை பழுத்த ஆளு."

மாப்ள, இங்கேதான் நான் நிறுத்தி உண்மையைச் சொல்ல வேண்டும். நான் அதுவரை மரத்தை வெட்டியதே இல்லை. இரும்பைத் தவிர எதையும் வெட்டியதில்லை. எனக்குத் தெரியாது. தெரியாது என்பது எனக்கு நன்றாகத் தெரியும். அந்த நாலெழுத்துச் சொல்லை உன்னிடம் மட்டும் என்னால் சொல்ல முடியவில்லை. உன் மெஷினில் நீ என்னைக் கேட்டுச் செய்ய வேண்டியது ஒன்றாவது இருக்கட்டும் என்று பட்டது.

நாலு பல் கட்டர் போடு, பல் அதிகமானால் முகம் வழவழவென்று வரும் என்றேன். மெதுவாக ஓட்டு, அவசரப்படாதே என்றேன். இரும்புக்கு அது சரி. டூல் ரூமில் எவனைக் கேட்டாலும் அதைத்தான் சொல்வான், மெதுவாகப் போனவன் அங்கே கெட்டதில்லை. என் கையால் சாணை பிடித்து நானே வைத்திருந்த ஆறு மில்லி நாலு பல் கட்டர் ஒன்றையும் காகிதத்தில் சுற்றிக் கொடுத்தேன். நீ அதை வாங்கிச் சட்டைப் பையில் வைத்துப் பொத்தானும் போட்டுக்கொண்டாய்.

மறுநாள் காலை எல்லோரும் கொட்டகையில் இருந்தோம். அப்பா ஸ்டூலில், சுமதி கம்ப்யூட்டர் பக்கத்தில். டிரிம்மர் அலறிக்கொண்டு இறங்கியது. 'ச' பாதி போவதற்குள் ஒரு கீச்சுச் சத்தம், பிறகு கருகல் வாடை. சுழல்கிற வேகம் அதிகம், நகர்கிற வேகம் குறைவு, நாலு பல்லும் மரத்தை வெட்டாமல் தேய்த்துக்கொண்டே இருந்தால் என்ன ஆகும்? புகை வரும்வரை யாருக்கும் நிறுத்தத் தோன்றவில்லை. சுமதி ஓடிப்போய்ப் பிளக்கைப் பிடுங்கும்போது 'சரோ' வரைக்கும் அடுப்புக்கரியாகக் கறுத்துவிட்டது. என் கட்டர் நீலம் பூத்துக் கிடந்தது.

எல்லோரும் உன்னைப் பார்த்தார்கள். நீ என்னைப் பார்த்தாய். ஒரே ஒரு கணம்தான். அதற்குள் நான் வாயைத் திறந்துவிட்டேன்.

"ஃபிரேம் ஆடுதுங்க மாப்ள. மெஷின் ஸ்ட்ராங்கா இல்லன்னா கட்டர் என்னங்க பண்ணும்?"

"ஆமா மாமா, மெஷின்லதான் ஃபால்ட்டு. சரி பண்ணிடறேன்" என்று நீ அப்பாவிடம் சொன்னாய்.

"வுடுங்க மாப்ள. பழகப் பழக வந்துரும்" என்றார் அவர். அம்மாவின் பெயர் கருகிப் போயிருக்கிறது, அவர் உன் தோளைத் தட்டுகிறார். நான் பள்ளிக்கூடத்தில் ஜாமெட்ரி பாக்ஸைத் தொலைத்ததற்கு ஒரு மாதம் பேசாதவர் அவர். தோற்றுப்போனதிலும் நீதான் எனக்கு முன்னால் நின்றாய்.

கிரகப்பிரவேசத்துக்கு நாலு நாள் முன்னால் ஃபோன் பண்ணினாய். ஃபிரேமை மாற்றிவிட்டேன் மச்சான், வந்து பார் என்றாய். வந்தேன். மெஷின் முழுக்கப் பச்சைப் பெயிண்டில் பளபளவென்று நின்றது. நான் ஓர் இன்ஸ்பெக்டர் மாதிரி அதைச் சுற்றி வந்தேன். கையால் ஆட்டினேன், கட்டை விரலால் அழுத்தினேன், இப்போதுதான் விறைப்பாக இருக்கிறது என்று சான்றிதழ் கொடுத்தேன். நீ தலையை ஆட்டினாய். 'சரோஜா இல்லம்' இரண்டாவது பலகையில், சாதாரண வேப்பமரம்தான், ஒரு பிசிறு இல்லாமல் வந்தது. மறுநாளே டூல் ரூம் பூராவும், என் யோசனையால்தான் மெஷின் நிமிர்ந்தது என்று பரப்பிவிட்டேன். மூன்று வருஷமாக அதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தேன்.

நடுவில் உனக்குக் காய்ச்சல் வந்தது. பதினோரு நாள். அதைப் பற்றி எழுத எனக்கு வரவில்லை.

உனக்கு இங்கத்திய சேதி சொல்கிறேன். மெஷினை இப்போது சுமதிதான் ஓட்டுகிறாள். புதிதாக வீடு கட்டுகிறவர்கள் தமிழிலும் கன்னடத்திலும் தெலுங்கிலும் பெயர்ப்பலகை கேட்டு வருகிறார்கள். வேப்பனப்பள்ளி மாம்பழ மண்டிக்காரர் ஒருவர் பெட்டியில் குத்த மரமுத்திரை செய்து வாங்கிப் போனார். கரண்ட் எத்தனை மணிக்குப் போகும் என்று பார்த்து, அதற்கு முன்னால் மெஷின் நிற்கிற இடத்தை எழுதி வைத்துக்கொள்கிறாள். கம்பெனியில் எந்த மெஷின் நின்றாலும் இன்னும் 'முனிராஜ் இருந்தா இந்நேரம்' என்றுதான் ஆரம்பிக்கிறார்கள். நான் தினமும் அங்கேதான் இருக்கிறேன். 'சண்முகம் இருந்தா' என்று சொல்ல வைப்பதற்கு நானும் போய்த்தான் பார்க்க வேண்டுமா?

கோபித்துக்கொள்ளாதே. உண்மையில் அப்படித்தான் தோன்றுகிறது.

வருகிற வெள்ளிக்கிழமை உனக்கு முதல் வருஷத் திதி. கொட்டகை வாசலில் உன் பெயரில் ஒரு பலகை மாட்ட வேண்டும் என்று சுமதிக்கு ஆசை. நீ அறுத்து வைத்த பலாப்பலகையின் மறுபாதியை அவள் இத்தனை நாள் தொடாமல் வைத்திருந்தாள். வேறு பலகை வேண்டாம் என்கிறாள். போன ஞாயிறு என்னை வரச் சொன்னாள். அப்பா வழக்கம்போல ஸ்டூலில். நீ போன பிறகும் அவர் ஞாயிறு தவறுவதில்லை, ஆனால் மெஷினைப் பார்ப்பதில்லை, வெறுமனே உட்கார்ந்திருப்பார். அன்றைக்குச் சற்றுத் தள்ளி வாசலில் வெயிலுக்கு உட்கார்ந்திருந்தார்.

சுமதி பலகையைத் துடைத்து வைத்துவிட்டுக் கேட்டாள், "ண்ணா, நான் பலாவுல ஓட்டுனதில்ல. இதுக்கு எந்தக் கட்டர் போடலாம்?"

அதே கேள்வி, மாப்ள. நானும் அதே ஆள்தான். வாய் தானாகவே பெரிய மனுஷத்தனத்துக்குத் தயாராகிவிட்டது. எந்தக் கட்டர் போட்டால் என்ன, நான் சொல்லி ஃபிரேமை மாற்றின பிறகு இந்த மெஷின் எதையும் தாங்கும் என்றேன்.

அவள் கட்டர் பெட்டியைத் துழாவிக்கொண்டே, நிமிர்ந்துகூடப் பார்க்காமல் சொன்னாள், "ஃபிரேம அவரு எங்கண்ணா மாத்துனாரு? பெயிண்ட்தான அடிச்சாரு."

அப்புறம் அவளே, எனக்கு ஏதோ தெரிந்த விஷயத்தைச் சொல்வது போலச் சொன்னாள். பலகை கருகின மறுநாளே நீ ஓர் ஆசாரியிடம் போய் அவர் மரத்துக்குப் போடுகிற இரண்டு பல் கார்பைடு கட்டரை வாங்கி வந்தாயாம். அதே மெஷின், அதே ஃபிரேம், மாமரத் துண்டில் வேகத்தைக் கூட்டி ஓட்டினால் அல்வாத் துண்டு மாதிரி வெட்டிக்கொண்டு போனதாம். அப்புறம் எதற்குப் பெயிண்ட் என்று இவள் கேட்டாளாம்.

"'மாமா முன்னாடி ஒங்க அண்ணன் மொகம் வாடிரும், அவன் சொன்ன மாதிரியே இருக்கட்டும் வுடு'ன்னாரு."

நான் சாவியை எடுத்து ஃபிரேமின் ஒரு மூலையைச் சுரண்டிப் பார்த்தேன். பச்சைக்குக் கீழே அதே பழைய பிளைவுட். நீ ஆரம்பத்தில் பென்சிலால் போட்ட அளவுக்கோடுகூட அழியாமல் இருந்தது. மூன்று வருஷத்துக்கு முன்னால் நான் கட்டை விரலால் அழுத்தி, இப்போதுதான் விறைப்பு என்று சொன்ன அதே இடம்.

எனக்கு வந்த கோபத்தைச் சொல்லி மாளாது. ஏன்டா, அன்றைக்கே நாலு பேர் முன்னால் 'நீ கொடுத்த கட்டர்தான்டா எரித்தது' என்று என்னோடு சண்டை போட்டிருக்கக் கூடாதா? நானும் பதிலுக்குக் கத்தியிருப்பேன். இரண்டு மாதம் பேசாமல் இருந்துவிட்டு கேன்டீனில் சமாதானமாகியிருப்போம். மெஷின் கட்டத் தெரிந்தவன் என்பதை ஒருவழியாகச் செரித்துக்கொண்டு இருந்தேன். மனுஷனாகவும் என்னைவிடப் பெரியவன் என்றால் நான் எங்கே போய் நிற்பது?

உன் நோட்டை அவளிடம் கேட்டு வாங்கினேன். ஒவ்வொரு கட்டருக்கும் ஒரு பக்கம் ஒதுக்கியிருந்தாய். எங்கே வாங்கியது, இரும்புக்கு எப்படி, மரத்துக்கு எப்படி, எந்த வேகம் என்று வரிசையாக. எதிலும் ஒரு வரி விட்டுப்போகவில்லை. என் கட்டருக்கும் ஒரு பக்கம் இருந்தது. 'சண்முகம் மச்சான் கொடுத்தது. கையால் சாணை பிடித்தது. இரும்புக்கு இதைவிட நல்ல கட்டர் கிடையாது' என்று எழுதியிருந்தாய். 'மரத்துக்கு' என்று போட்டு, அதற்கு நேரே ஒன்றும் எழுதாமல் விட்டிருந்தாய்.

அந்த வெற்றிடத்தைப் பார்த்த பிறகு என்னால் சும்மா இருக்க முடியவில்லை. புது வீட்டுக்கு வருகிறவர்கள் பலகையைப் பார்த்து நன்றாயிருக்கிறது என்றால் அப்பா இன்றைக்கும் ஒன்று சொல்வார். மொதப் பலகை கருகிப்போச்சு, அப்ப மாப்ள மெஷின் சரியில்ல, பாவம் கஷ்டப்பட்டுத் திருத்துனாரு என்று. உன் வேலையைப் பற்றி ஊரில் இருக்கிற ஒரே குறை அதுதான். அதை வைத்தது நான். அதை அப்படியே விட்டுவிட்டு உன் பெயரை எப்படிச் செதுக்குவது?

வாசலுக்குப் போய் அப்பா முன்னால் நின்று சொன்னேன். கட்டர் என்னுடையது, மரத்துக்கு அது ஆகாது, எனக்குத் தெரியாததைத் தெரிந்த மாதிரி சொன்னேன், பழியை மெஷின் மேல் போட்டேன், அவன் எனக்காகப் பெயிண்ட் அடித்தான். எல்லாம் சொன்னேன். பின்னால் சுமதி பெட்டியைத் துழாவுவதை நிறுத்திவிட்டாள். அடுத்து என்ன வரும் என்று எனக்குத் தெரியும், ஜாமெட்ரி பாக்ஸ் காலத்திலிருந்து வாங்கிய பழக்கம் உண்டு. திட்டட்டும் என்று நின்றேன்.

அவர் ஸ்டூலோடு திரும்பி, ஒரு வருஷமாகப் பார்க்காத மெஷினைப் பார்த்தார்.

"அப்ப அன்னிக்கு மெஷின்ல ஒண்ணும் கோளாறு இல்ல."

"இல்லப்பா."

"மாப்ள மெஷின் மொத நாளே சரியாத்தான் இருந்திருக்குது" என்றார். சிரித்தார், மாப்ள. நீ போன பிறகு அவர் சிரித்து நான் பார்க்கவில்லை. சுமதியிடம் திரும்பி அதையே இன்னொரு தரம் சொன்னார். மதில் சுவரில் துணி எடுத்துக்கொண்டிருந்த பக்கத்து வீட்டு அம்மாவைக் கூப்பிட்டும் சொன்னார். என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. நான் குற்றத்தை ஒப்புக்கொண்டதில்கூட உனக்குத்தான் கைதட்டல் விழுந்தது. இதற்கு மேல் ஒருவன் எப்படித்தான் வயிறு எரியாமல் இருப்பான், சொல்.

சிரிப்பு அடங்கியதும் என்னைப் பார்த்து, "செரி, இப்ப எந்தக் கட்டரு?" என்று கேட்டார்.

"தெரியலப்பா. வேஸ்ட்டுத் துண்டுல ஓட்டிப் பாத்தாத்தான் தெரியும்" என்றேன். சொல்லிவிட்டேன். ஒன்றும் ஆகிவிடவில்லை, கூரை அப்படியேதான் இருந்தது.

மாமரத் துண்டுகளை எடுத்துப் போட்டோம். முறுக்குக் கட்டர் சீவலை அழகாக மேலே தூக்கி வெளியே தள்ளியது, ஆனால் எழுத்தின் மேல் ஓரத்தை மயிர் மயிராகக் கிளப்பிவிட்டது. கூர்முனைக் கட்டரில் எழுத்து ரொம்ப மெலிந்து, அப்பாவால் வாசலிலிருந்து படிக்க முடியவில்லை. நேரான இரண்டு பல் கட்டரை மாட்டி ஓட்டும்போது ஒரு கீச்சுச் சத்தம் வந்தது. எனக்கு உடனே கை வேகத்தைக் குறைக்கப் போனது.

"கத்துனா மெதுவாப் போறோம்னு அர்த்தம்ணா. கூட்டு" என்றாள் சுமதி. என் கை கேட்கவில்லை, இத்தனை வருஷ இரும்புப் பழக்கம். அவளே என் கையை விலக்கிவிட்டுக் கீபோர்டில் வேகத்தைக் கூட்டினாள். கீச்சு போய், உனக்குப் பிடித்த அந்தச் சீரான சத்தம் வந்தது. ஓரம் சுத்தமாக இருந்தது. என் தங்கச்சிக்கும் என்னைவிட நன்றாகத் தெரியும் என்பது இப்படித்தான் தெரியவந்தது. அதற்கும் சேர்த்து உன்மேல்தான் எரிச்சல்.

பலாப்பலகையைப் பொருத்துவதற்குள் மதியம் ஆகிவிட்டது. அப்பாவுக்குச் சாப்பாட்டு நேரம். அவர் எழுந்து போகவில்லை. ஸ்டூலை உள்ளே இழுத்துப் போட்டுக்கொண்டு, நான் கட்டரை மாட்டுவதையும், பலகையை இறுக்குவதையும், ஸ்கேல் வைத்து அளந்து பார்ப்பதையும் பார்த்துக்கொண்டே இருந்தார். நான் வேலை செய்வதை அவர் உட்கார்ந்து பார்த்தது அதுதான் முதல் தடவை. உன் மெஷின் முன்னால்தான் அதுவும் எனக்குக் கிடைத்தது. இதற்கு உனக்கு நன்றி சொல்வதா, உன்னைத் திட்டுவதா?

'முனிராஜ்' நன்றாக வந்திருக்கிறது. 'மு'வின் அடிவளைவும், 'னி'யின் கொக்கியும் கோழிமுட்டை ஆகவில்லை. மரம் மஞ்சளாக, எங்கும் கருகாமல் இருக்கிறது. வெள்ளிக்கிழமை படையல் முடிந்ததும் அப்பா கையால் மாட்டுகிறோம்.

மாப்ள, உனக்கு ஒரு வாக்குக் கொடுக்கிறேன். நான் சுரண்டிய மூலைக்கு மறுபடி பெயிண்ட் அடிக்க மாட்டேன். கொட்டகைக்கு வருகிறவர்கள் இது என்ன என்று கேட்டால், அன்றைக்கு நடந்ததை ஒன்று விடாமல் சொல்வேன். தெரியாததைத் தெரியாது என்பேன். பொறாமையை மட்டும் விடச் சொல்லாதே, அது என்னால் ஆகாது.

உன் நோட்டில் நீ எனக்காக விட்டுவைத்த வரியையும் நிரப்பிவிட்டேன். 'மரத்துக்கு' என்பதற்கு நேரே என் கையெழுத்தில் இப்போது இப்படி இருக்கிறது: 'ஆகாது. எரிக்கும். கொடுத்தவனுக்கு அன்றைக்கே தனக்குத் தெரியாது என்று தெரியும்.'

அந்தப் பெயிண்டுக்காக உன்னை இன்னும் மன்னிக்காத,
சுமதியின் அண்ணன்,
உன் மச்சான்
சண்முகம்